எக்ஸ்பி சிடி இருக்கா? – ஒரிஜினல் தேடின கதை

தமிழ் வலைப்பதிவு வரலாறு எழுதுறவங்க எல்லாரும் தமிழ்மணம், ஈ-கலப்பை, யூனிகோடுன்னுதான் ஆரம்பிப்பாங்க. அதெல்லாம் சரிதான். ஆனா அந்த வரலாற்றுல ஒரு முக்கியமான பாத்திரத்தை யாரும் கண்டுக்கறதே இல்ல. அது ஒரு சிடி. விண்டோஸ் எக்ஸ்பி சிடி.

சீனியர் பதிவர்களுக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும். மத்தவங்களுக்காக கொஞ்சம் விளக்கமா சொல்றேன். (நான் அப்போ ஆரம்பப் பள்ளிக்கூடத்துல டவுசர் போட்டுக்கிட்டு இருந்தவன். பழைய பதிவுகளையும் பின்னூட்டங்களையும் தோண்டித் தோண்டிப் படிச்சதுல தெரிஞ்சுக்கிட்டது இதெல்லாம்.)

எக்ஸ்பி 2001 அக்டோபர் 25 அன்னிக்கு வெளியாச்சு. அதுல தமிழ் இருந்துச்சு, ஆனா தூங்கிக்கிட்டு இருந்துச்சு. எழுப்பணும்னா கன்ட்ரோல் பேனல் போய், ரீஜனல் அண்ட் லாங்வேஜ் ஆப்ஷன்ஸ் திறந்து, லாங்வேஜஸ் தாவல்ல 'காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்' பெட்டியில ஒரு டிக் போடணும். போட்டு ஓகே அழுத்தினா பொட்டி ஒரே ஒரு கேள்வி கேட்கும். எக்ஸ்பி சிடியை உள்ள போடுங்க. சுமார் 10 எம்பி சமாச்சாரம்தான், ஆனா அது சிடிக்குள்ள ஐ386ங்கற ஃபோல்டர்ல இருந்துச்சு. சிடி இல்லைன்னா அன்றைய ஃபயர்பாக்ஸ்ல கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்னு பிச்சுப் போட்ட இடியாப்பம் மாதிரி தமிழ் தெரியும். எழுத்துருவும் இல்லைன்னா வெறும் கட்டம் கட்டமா தெரியும்.

விண்டோஸ் 98 வச்சிருந்தவங்க பாடு இன்னும் மோசம். அவங்களுக்காகத்தான் அதிராம்பட்டினத்து உமர்தம்பி ஐயா தேனீ இயங்கு எழுத்துருவை உருவாக்கிக் கொடுத்தார். பதிவோட வார்ப்புருவுல அதைச் சேர்த்துட்டா, படிக்கிறவர் பொட்டியில எதையும் நிறுவாமலே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல தமிழ் தெரியும். 2006-ல அவர் காலமானப்போ வலைப்பதிவுலகமே கலங்கினது அதனாலதான். சிடி இல்லாத ஆயிரக்கணக்கான பேருக்கு அந்த ஒத்தை மனுஷன் சிடியா இருந்தார்.

ஆக, தமிழ் படிக்கிறதுக்கு விண்டோஸோட ஒரிஜினல் சிடி தேவைப்பட்டுச்சு. நம்ம ஊர்ல அது எத்தனை வீட்டுல இருந்துச்சு? அங்கதான் கதையே ஆரம்பிக்குது.

பவுச்சுக்குள்ள வந்த விண்டோஸ்

அப்போ வீட்டுக்கு வாங்கின கம்ப்யூட்டர்ல பெரும்பாலானது அசெம்பிள்டு பொட்டிதான். ரிச்சி ஸ்ட்ரீட்ல மதர்போர்டு, ராம், ஹார்டு டிஸ்க்னு தனித்தனியா வாங்கி, தெரிஞ்ச பையன் ஒருத்தன் வீட்டுக்கு வந்து பூட்டிக் கொடுப்பான். கையில ஒரு சிடி பவுச். அதுல மார்க்கர் பேனாவால 'எக்ஸ்பி எஸ்பி2', 'ஆபீஸ்', 'டிரைவர்ஸ்'னு எழுதின தட்டுகள். வேலை முடிஞ்சதும் பவுச்சோட அவனும் கிளம்பிடுவான். விண்டோஸ் வீட்டுல இருக்கும், சிடி அவன்கிட்ட இருக்கும். ஆறு மாசம் கழிச்சு வைரஸ் புகுந்தா திரும்ப அவனுக்குத்தான் போன். இதை யாரும் திருட்டுன்னு நினைச்சதுகூட இல்ல. பொட்டியோட சேர்ந்து வர்ற ஒரு சமாச்சாரம், அவ்வளவுதான்.

ஒரிஜினல்ங்கறது அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னும் பார்த்துடுவோம். எம்.எஸ்.டாஸ் 6.22 (1994) மூணு ஃப்ளாப்பியில அடங்கினது. 1995 ஆகஸ்ட் 24 வெளியான விண்டோஸ் 95-ஐ ஃப்ளாப்பியில வாங்கினா 13 தட்டு. அதுலயும் ஒரு தந்திரம் இருந்துச்சு. சாதாரண ஃப்ளாப்பி 1.44 எம்பி தான் பிடிக்கும், இவங்க தனி ஃபார்மட்ல 1.68 எம்பி அடைச்சாங்க. தட்டு எண்ணிக்கை குறைஞ்சது ஒரு லாபம், டாஸோட வழக்கமான டிஸ்க்காப்பி கட்டளையால அதைப் பிரதி எடுக்க முடியாமப் போனது இன்னொரு லாபம். ஒரு கல்லுல ரெண்டு மாங்கா. அப்புறம் சிடி காலம் வந்தப்போ இன்னொரு கூத்து. விண்டோஸ் 95-ஐ கடையில சிடியா வாங்கினா, அதை வச்சு நேரடியா பொட்டியை பூட் பண்ண முடியாது. சிடியை ஆரம்பிக்கவே ஒரு ஃப்ளாப்பி வேணும்!

எக்ஸ்பி வந்தப்புறம்தான் ஆக்டிவேஷன்னு ஒரு பூட்டு வந்துச்சு. ஆனா பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்த வால்யூம் லைசென்ஸ் பதிப்புல அந்தப் பூட்டு கிடையாது. அப்படி ஒரு வால்யூம் கீ, எக்ஸ்பி கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே கசிஞ்சு உலகம் முழுக்கப் பரவிடுச்சு. பவுச் பையன்கள் மனப்பாடமா ஒப்பிச்ச அந்த 25 எழுத்து அதுதான். 2002-ல வந்த சர்வீஸ் பேக் 1 அந்த கீயை ஏத்துக்க மாட்டேன்னுடுச்சு. 2005 ஜூலையில 'விண்டோஸ் ஜெனுயின் அட்வான்டேஜ்' கட்டாயமாச்சு, ஒரிஜினல்னு நிரூபிச்சாத்தான் பல டவுன்லோடு கிடைக்கும். 2008-ல ஒருபடி மேல போய், ஒரிஜினல் இல்லாத எக்ஸ்பி ப்ரோவுல டெஸ்க்டாப் படத்தை எடுத்துட்டு கறுப்பாக்கினாங்க. நாம மாத்தினாலும் ஒரு மணி நேரத்துல திரும்பவும் கறுப்பு. தலைவர் படமெல்லாம் போச்சேன்னு ஊரே புலம்பியிருக்கும். :-)

இதுல பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கு. எக்ஸ்பி சிடின்னா ஒரே சிடி இல்ல. கடையில விக்கிற ரீடெய்ல், பொட்டியோட வர்ற ஓ.ஈ.எம்., நிறுவனங்களுக்கான வால்யூம்னு மூணு ஜாதி. வெளியில பார்க்க ஒண்ணு போலவே இருக்கும். ஆனா ஒண்ணோட கீ இன்னொண்ணோட சிடிக்கு ஒத்துக்காது. காசு கொடுத்து ஒரிஜினல் ஸ்டிக்கர் ஒட்டின பொட்டி வாங்கி, சிடியைத் தொலைச்சவர், நண்பர்கிட்ட கடன் வாங்கின ஒரிஜினல் சிடியைப் போட்டாலும் கீ செல்லாதுன்னு சொல்லிடும். நேர்மையா இருந்தவன்தான் அதிகமா அல்லாடினான். அதே சமயம் பவுச் பையனோட சிடி எல்லாப் பொட்டியிலயும் சிரிச்சுக்கிட்டே ஏறுச்சு.

குரோம்பேட்டை ரூட்

சரி, காசும் கொடுக்க வேணாம், திருட்டும் வேணாம்னா? லினக்ஸ். ஆனா அதோட இன்ஸ்டாலர் கைக்கு வர்றதும் லேசுப்பட்ட காரியமா இல்ல.

இந்தியாவுல பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15, வி.எஸ்.என்.எல். புண்ணியத்துல. டயல்-அப்ல நல்ல நாள்ல நொடிக்கு 5 கேபி வருதுன்னு வச்சுக்கங்க. 650 எம்பி சிடி ஒண்ணு இறங்க 36 மணி நேரம் ஆகும். நடுவுல யாராவது போனை எடுத்தா அம்போ. அதனால இங்க லினக்ஸ் பரவினது பத்திரிகையோட வந்த சிடியிலதான். பிசிக்வெஸ்ட் 1996-ல லினக்ஸ் சிடியை இதழோட கொடுக்க ஆரம்பிச்சுது. 2003-லிருந்து லினக்ஸ் ஃபார் யூ வந்துச்சு. அப்புறம் உபுண்டுவோட ஷிப்-இட். இணையத்துல முகவரி கொடுத்தா போதும், தபால் செலவுகூட இல்லாம சிடி வீட்டுக்கே வரும். 2011 ஏப்ரல்ல அதை நிறுத்திட்டாங்க. அந்த அட்டை உறையை இன்னும் பத்திரமா வச்சிருக்கிற ஆளுங்க எனக்கே நாலு பேரைத் தெரியும்.

நம்ம ஏரியாவுக்கு இதுல ஒரு தனி இடம் உண்டு. காட்டாங்குளத்தூர் ஸ்டேஷன்ல பீச் வண்டி ஏறினா பொத்தேரி, கூடுவாஞ்சேரி, தாம்பரம் தாண்டி குரோம்பேட்டை. அங்க அண்ணா பல்கலைக்கழகத்தோட எம்.ஐ.டி. வளாகத்துல ஏ.யூ.-கே.பி.சி. ஆராய்ச்சி மையம் இருக்கு. 2005-ல மத்திய அரசு 'நேஷனல் ரிசோர்ஸ் சென்டர் ஃபார் ஃப்ரீ அண்ட் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்'னு ஒண்ணை ஆரம்பிச்சப்போ, இந்த மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்துதான் அதை நடத்தினாங்க. அதுல சி-டாக் பக்கம் உருவானதுதான் பாஸ் லினக்ஸ், அதாவது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். டெபியனை அடித்தளமா வச்சு, தமிழ் உட்பட இந்திய மொழிகளைச் சேர்த்து, 2007 ஜனவரியில முதல் பதிப்பு வந்துச்சு. இதுல தமிழ் தெரியறதுக்கு தனியா எந்த சிடியும் கேட்காது, ஏன்னா எல்லாமே அந்த சிடியிலயே இருக்கு!

அதே காலகட்டத்துல எல்காட் நிறுவனமும் தன்னோட கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாத்தினது பெரிய செய்தியாச்சு. 2011 செப்டம்பர்ல தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பிச்சப்போ விண்டோஸும் பாஸும் சேர்ந்தே வந்துச்சு. ஒரு பொட்டி, ரெண்டு ஓ.எஸ்., ரெண்டுமே முறையானது. யோசிச்சுப் பாருங்க, தமிழ்நாட்டுல லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதன்முதலா ஒரிஜினல் ஓ.எஸ். வந்து சேர்ந்தது கடை வழியா இல்ல, அரசுப் பள்ளிக்கூடம் வழியா. என் வகுப்புல பாதிப் பேர் வீட்டுல அதுதான் முதல் கம்ப்யூட்டர்.

2014 ஏப்ரல் 8 எக்ஸ்பிக்கு ஆதரவு முடிஞ்சுது. அதையொட்டி அரசுத் துறைகள் எக்ஸ்பியை விட்டு பாஸ் லினக்ஸுக்கு மாறணும்னு தமிழக அரசு சொன்னதும் செய்தியா வந்துச்சு.

இப்போ எதுக்குய்யா இதெல்லாம்?

விஸ்டாவுலயே தமிழ் உள்ளுக்குள்ள வந்துடுச்சு. சிடி தேவையில்லை. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லயும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லயும் ஆதரவு முடிஞ்சாச்சு. இன்னும் எக்ஸ்பியைக் கட்டிக்கிட்டு அழுவானேன்னு நீங்க கேட்கலாம். ரெண்டு காரணம்.

முதல் காரணம் எந்திரம். மறைமலை நகர் தொழிற்பேட்டை பக்கம் ஒரு சின்னப் பட்டறையில, நண்பனுக்காக ஒரு பொட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். லட்சக்கணக்குல விலை கொடுத்து வாங்கின வெட்டும் எந்திரம் ஒண்ணு. அதை ஓட்டுற மென்பொருள் எக்ஸ்பியில மட்டும்தான் ஓடும், எந்திரம் செஞ்ச கம்பெனியை மூடியாச்சு. ஹார்டு டிஸ்க் கடகடன்னு சத்தம் போட ஆரம்பிச்சிருக்கு. பட்டறை அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, எக்ஸ்பி சிடி இருக்கா?" அந்த சிடி இல்லைன்னா எந்திரம் பழைய இரும்பு, அதை நம்பி இருக்கிற ஆறு பேருக்கு வேலை இல்ல.

ரெண்டாவது காரணம் தமிழ். 1990-களிலும் 2000-த்தின் முதல் பாதியிலும் அச்சான தமிழ்ப் புத்தகங்கள்ல பெரும்பகுதி பேஜ்மேக்கர்ல, யூனிகோடு அல்லாத எழுத்துருக்கள்ல கோத்தது. டிஸ்கி, டாம், டாப்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு குறியேற்றம். டாம், டாப் ரெண்டும் 1999 தமிழ்நெட் மாநாட்டுக்கு அப்புறம் தமிழக அரசே ஏத்துக்கிட்டது. 2010-லதான் யூனிகோடு அரசுத் தரமாச்சு. வெறும் எழுத்தை மட்டும் மாத்த சுரதா, என்.எச்.எம். மாதிரி மாற்றிகள் இருக்கு. ஆனா பக்க வடிவமைப்போட முழுப் புத்தகம் வேணும்னா அந்தப் பேஜ்மேக்கர், அந்த எழுத்துரு, அது ஓடுற அந்த விண்டோஸ் மூணும் வேணும். பதிப்பகத்து பரண்ல கிடக்கிற சிடியில புத்தகம் இருக்கும், திறக்கத்தான் சாவி இருக்காது.

எங்க கிடைக்கும்?

கூகுள்ல தேடினா ஆயிரம் இடம் காட்டும். முறையான வழின்னு பார்த்தா கை விரலை எண்ணிடலாம்.

விண்டோஸ் 10-ம் 11-ம் மைக்ரோசாஃப்ட் தளத்துலயே இறக்கிக்கலாம், இறக்க கீ கேட்காது. விண்டோஸ் 7 ஐ.எஸ்.ஓ.க்கள் ஒரு காலத்துல டிஜிட்டல் ரிவர்ங்கற மைக்ரோசாஃப்ட்டோட விற்பனைக் கூட்டாளி தளத்துல பொதுவா கிடைச்சுது. 2014-ல அது போச்சு. எக்ஸ்பியைப் பொறுத்தவரை பொது டவுன்லோடு இல்ல. விஷுவல் ஸ்டூடியோ சந்தா (பழைய எம்.எஸ்.டி.என்.) இருக்கிறவங்களுக்கு டாஸ் 6.22 முதல் பல பழசுகள் உண்டு, ஆனா சோதனைக்கும் மென்பொருள் உருவாக்கத்துக்கும் மட்டும்தான், பட்டறைக்குச் செல்லாது. நிறுவனங்களோட வால்யூம் உரிமத்துல 'டவுன்கிரேடு' உரிமை உண்டு. புதுசை வாங்கிட்டு பழசை ஓட்டலாம். ஆனா பழசோட சிடியை நீங்கதான் தேடிக்கணும். உரிமை உண்டு, பொருள் இல்ல. கல்யாணப் பத்திரிகை கொடுத்துட்டு மண்டபம் எங்கன்னு சொல்லாத கதை.

2020 ஆகஸ்ட்ல இன்னொரு அடி. ஷா-1 கையொப்பம் போட்ட கோப்புகளை பாதுகாப்புக் காரணம் சொல்லி டவுன்லோடு சென்டர்லிருந்து மைக்ரோசாஃப்ட் நீக்குச்சு. எக்ஸ்பி காலத்து ஒட்டுகளும் துணைக்கருவிகளும் கொத்துக் கொத்தா மறைஞ்சுது. எக்ஸ்பியோட முகப்பையே தமிழாக்கின தமிழ் இடைமுகத் தொகுப்புன்னு ஒண்ணு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? 'ஸ்டார்ட்' பட்டனே தமிழ்ல வரும். அந்த மாதிரி சமாச்சாரங்களை யாராவது அன்னிக்கே சேமிச்சு வச்சிருந்தாத்தான் உண்டு.

லினக்ஸ்ல நிலைமை பரவாயில்லை. உபுண்டுவோட பழைய வெளியீடுகள் தனித் தளத்துல முதல் பதிப்பிலிருந்து இருக்கு. டெபியனுக்கும் ஆவணக் காப்பகம் இருக்கு. ஆனா ஒரு வேடிக்கை. பத்து, பதினைஞ்சு வருஷப் பழைய டெபியனை நிறுவி பொதிகளை இறக்கப் போனா, கையொப்பச் சாவி காலாவதின்னு முரண்டு பிடிக்கும். பொருள் அசல்தான், அசல்னு சொல்ற சாட்சிக்கு ஆயுசு முடிஞ்சுடுச்சு.

எது ஒரிஜினல்?

இத்தனை வருஷமா நாம 'ஒரிஜினல்'ங்கற ஒரே வார்த்தையில ரெண்டு விஷயத்தைக் குழப்பிக்கிட்டு இருக்கோம். ஒண்ணு, பயன்படுத்த உரிமை இருக்கா. இன்னொண்ணு, கையில இருக்கிற கோப்பு தயாரிச்சவன் வெளியிட்டது அப்படியே இருக்கா. பவுச் பையன் சிடி ரெண்டிலயும் ஃபெயில். பட்டறை அண்ணன்கிட்ட ஸ்டிக்கர் இருக்கு, அதனால உரிமை இருக்கு, கோப்புதான் இல்ல. லினக்ஸ்ல உரிமை எல்லாருக்கும் உண்டு, ஆனா கோப்பு அசலான்னு பார்த்தே ஆகணும்.

இது வெட்டிப் பேச்சு இல்ல. 2009-ல விண்டோஸ் 7 ஆர்.சி. பதிப்போட திருட்டுப் பிரதி ஒண்ணுல ட்ரோஜனை வச்சு, ஆயிரக்கணக்கான பொட்டிகளை அடிமையாக்கினாங்க. திருட்டுக்குத் தண்டனைன்னு சொல்லிடலாம். 2016 பிப்ரவரி 20 அன்னிக்கு என்ன ஆச்சு? லினக்ஸ் மின்ட்டோட அதிகாரபூர்வ தளத்தையே உடைச்சு, 17.3 சினமன் ஐ.எஸ்.ஓ. இணைப்பை பின்கதவு வச்ச பிரதிக்குத் திருப்பிவிட்டாங்க. இலவசமா, முறையா, சரியான தளத்துலயே இறக்கினவங்க மாட்டினாங்க. இப்படிப்பட்ட போலியைக் கண்டுபிடிக்க உதவுறதுதான் ஹாஷ் சரிபார்ப்பு.

ஹாஷ்ங்கறது கோப்போட கைரேகை. 700 எம்பியில ஒரு பிட் மாறினாலும் ரேகை முழுசா மாறிடும். விண்டோஸ்ல செர்ட்யுடில், லினக்ஸ்ல ஷா256சம், ஒரு வரிக் கட்டளைதான். எம்.எஸ்.டி.என். தளத்துல மைக்ரோசாஃப்ட் தன்னோட ஐ.எஸ்.ஓ.க்களோட ஷா-1 ரேகைகளை வெளியிட்டு வந்துச்சு. அந்தப் பட்டியல்களை ஆர்வலர்கள் சேமிச்சு வச்சிருக்காங்க. ஒரு பழைய சிடி எங்கிருந்து வந்தாலும் அதை ஐ.எஸ்.ஓ.வா எடுத்து ரேகை ஒத்துப்போகுதான்னு பார்த்துடலாம். ஒரு எச்சரிக்கை: ஷா-1-ஐ உடைக்க முடியும்னு 2017-ல நிரூபிச்சாச்சு. இருந்தாலும் ஏற்கெனவே இருக்கிற ஒரு ரேகைக்கு ஏத்த மாதிரி புதுசா போலியை உருவாக்குறது இன்னும் யாரும் செஞ்சு காட்டாத வேலை. அதனால பழைய சிடிக்கு இது போதும்.

சட்டம் என்ன சொல்லுது? 'அபாண்டன்வேர்'னு சொல்லி விக்காத மென்பொருளை எல்லாம் பொதுச் சொத்தா நினைக்கிறாங்க. அப்படி ஒரு வகை நம்ம சட்டத்துல கிடையாது. ஆனா 1957 பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 52(1)(ஏஏ) ஒரு நல்ல கதவைத் திறந்து வச்சிருக்கு. முறையா ஒரு பிரதியை வச்சிருக்கிறவர், அது தொலைஞ்சோ கெட்டோ போனா உதவும்னு காப்புப் பிரதி எடுத்துக்கலாம். அதாவது உங்க சிடியை நீங்க ஐ.எஸ்.ஓ.வா எடுத்து வைக்கிறது தப்பில்லை. அதை ஊருக்கே பரிமாறுறதுதான் தப்பு. விதிவிலக்கா சில சமயம் தயாரிச்சவங்களே தாராளமா நடந்துக்குவாங்க. எம்.எஸ்.டாஸ் 1.25, 2.0 மூல நிரல்களை 2018-லயும், 4.00-ஐ 2024-லயும் மைக்ரோசாஃப்ட் எம்.ஐ.டி. உரிமத்துல வெளியிட்டுச்சு. டாஸ் நிரல் மட்டும் வேணும்னா ஃப்ரீடாஸே போதும், 1994-லிருந்து வளர்த்துக்கிட்டு வர்றாங்க.

பட்டறை விஷயம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. ஹார்டு டிஸ்க் சாகுறதுக்கு முன்னாடியே முழுப் பிரதி எடுத்து, புது டிஸ்க்குக்கு மாத்தியாச்சு. அண்ணனோட கணக்கு நோட்டுக்கு நடுவுலயே பொட்டியோட வந்த ஓ.ஈ.எம். சிடியும் கிடைச்சுது, ரேகையும் ஒத்துப்போச்சு. நெட் கேபிளை மட்டும் கண்டிப்பா பிடுங்கச் சொன்னேன். 2017 வான்னாக்ரை கலாட்டாவுக்காக எக்ஸ்பிக்கும் ஒரு அவசர ஒட்டு வந்துச்சுதான், ஆனா அதை நம்பி இணையத்துல விடுறது தலைக்கவசம் போட்டுக்கிட்டு ரயில் முன்னாடி நிக்கிற மாதிரி.

மக்களே, உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். பரண், மேசை இழுப்பறை, பழைய ஷூ டப்பா எல்லாத்தையும் ஒருதரம் கிளறுங்க. எக்ஸ்பி சிடி, ஷிப்-இட் உறை, பிசிக்வெஸ்ட் தட்டு, பாஸ் முதல் பதிப்பு, தமிழ் எழுத்துரு சிடி எது கிடைச்சாலும் இந்த வாரமே ஐ.எஸ்.ஓ.வா எடுத்து, ரேகையையும் பக்கத்துலயே ஒரு உரைக்கோப்புல எழுதி வைங்க. வீட்டுல எழுதின சிடிக்களோட சாயம் வெளுத்துக்கிட்டே இருக்கு, இன்னும் எத்தனை நாள் படிக்க வரும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. லினக்ஸ் தட்டுன்னா தாராளமா பகிருங்க. மத்ததுல, என்ன வச்சிருக்கீங்க, ரேகை என்னன்னு மட்டும் பின்னூட்டத்துல சொல்லுங்க. ஒரு பட்டியலாவது இருக்கட்டும்.

டிஸ்கி: "சிடி இருக்கு, படிக்க டிரைவ் இல்ல"ன்னு சொல்றவங்க நம்ம பக்கம் வந்தா யு.எஸ்.பி. டிவிடி டிரைவ் நம்மகிட்ட ஒண்ணு இருக்கு. காட்டாங்குளத்தூர் ஸ்டேஷன்ல இறங்கி பின்னூட்டம் போடாதீங்க, கிளம்புறதுக்கு முன்னாடியே போடுங்க. :-)